பிஸ்கட் டின்னில் கிடைத்த பழைய அமெரிக்கச் சென்ட்டுகள்: எதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்?

ஒஹாயோவில் ஒரு வீட்டில் நடந்த பழைய சாமான் விற்பனையில் 20 டாலருக்கு ஒரு பிஸ்கட் டின் வாங்கியதாகவும், உள்ளே அறுநூறு சொச்சம் ஒரு சென்ட் நாணயங்கள் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் ஆறை மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: ஒரு பெரிய 1851, ஒரு 1889, பின்பக்கம் வி.டி.பி. என்று எழுதிய 1909, டி எழுத்துள்ள 1914, செம்பு நிறத்தில் ஒரு 1943, எழுத்தே இல்லாத ஒரு 1964. "எழுத்து இல்லாத 1964-க்கு லட்சக்கணக்கில் விலை என்று வீடியோவில் சொல்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விலை கேட்பதுபோல இருந்தாலும், கடைக்காரரிடம் கொண்டு போகுமுன் எதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இருபத்திரண்டு வருடமாக அமெரிக்கச் சென்ட்டுகள் சேர்க்கிறேன். அதில் எட்டு வருடம் சனிக்கிழமைகளில் நியூ ஜெர்சியில் ஒரு நாணயக் கடையில் உட்கார்ந்து, ஜனங்கள் கொண்டுவரும் டப்பாக்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 1964-ஐ முடித்துவிடுவோம். அதன் மதிப்பு ஒரு சென்ட்தான். சென்ட்டில் இருக்கும் டி, எஸ் போன்ற சின்ன எழுத்து எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதைக் காட்டுவது: டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ. ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை தன் சென்ட்டுகளில் 2017-ஆம் ஆண்டைத் தவிர எப்போதுமே எழுத்துப் போட்டதில்லை. எழுத்து இல்லை என்றால் ஃபிலடெல்ஃபியாவில் அச்சடித்தது என்று அர்த்தம், ஏதோ விடுபட்டுப் போனது என்று அர்த்தமில்லை. 1964-இல் அங்கே மட்டும் 260 கோடிக்கு மேல் அடித்தார்கள். 1965 முதல் 1967 வரை எந்த நாணயச்சாலையுமே எழுத்துப் போடவில்லை. சில்லறைத் தட்டுப்பாட்டின்போது சேகரிப்பவர்கள் பதுக்கிவிடக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள். எழுத்து இல்லாததால் விலை கூடும் சென்ட்டுகள் மிகச் சில. 1922-இல் டென்வரில் மட்டும்தான் சென்ட் அடித்தார்கள், ஆகவே அந்த ஆண்டு நாணயம் எல்லாவற்றிலும் டி இருக்க வேண்டும்; அச்சு தேய்ந்தும் அடைபட்டும் டி விழாமல் வந்த சில நாணயங்களுக்கு உண்மையிலேயே நல்ல விலை உண்டு. 1990-இல் சேகரிப்பவர்களுக்கென்று பளபளப்பாக அடித்த புரூஃப் நாணயங்களில் சில எஸ் இல்லாமல் வந்துவிட்டன. வீடியோக்காரர்கள் இந்த இரண்டு கதைகளை எடுத்து எல்லா ஆண்டுகளுக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள்.

பழையது என்பதாலேயே விலை கிடைத்துவிடாது. இதை ஒத்துக்கொள்ளத்தான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் 1851-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 170 வருடத்துக்கு மேலான நாணயம், கால் டாலரை விடப் பெரியது, கிட்டத்தட்ட 10.9 கிராம் சுத்தச் செம்பு. 1793 முதல் 1857 வரை அமெரிக்கச் சென்ட் இப்படிப் பெரிதாகத்தான் இருந்தது. செம்பு விலை ஏறி, அடிக்கும் செலவு கட்டுப்படியாகாமல் போனதால் 1857-இல் நிறுத்தினார்கள். உங்களுடையதில் சுதந்திர தேவியின் தலையில் பின்னல் கொண்டையாகச் சுற்றியிருக்கும். 1839 முதல் கடைசி வரை வந்த வடிவம் அது, நிறையவே மிஞ்சியிருக்கிறது. சாதாரணத் தேய்மானத்தோடு, ஓட்டை, ஆழமான கீறல் எதுவும் இல்லாமல் இருந்தால் இருபது முப்பது டாலர் என்று வையுங்கள். அதே அளவில் 1793 என்று ஆண்டு இருந்தால் கதையே வேறு. அந்த ஆண்டின் முதல் வடிவத்தில், பின்பக்கம் சங்கிலி வளையம் போட்டது, 36,103 மட்டுமே அடித்தார்கள். சுதந்திர நாட்டின் காசில் சங்கிலியா என்று ஜனங்கள் முகம் சுளித்ததால் உடனே மாற்றிவிட்டார்கள். நன்றாகத் தேய்ந்துபோன ஒன்றே பல ஆயிரம் டாலர் பெறும். இன்னொன்று, 1815 என்று ஆண்டு போட்ட சென்ட் கிடையவே கிடையாது. யாராவது காட்டினால் எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

1889 இந்தியத் தலை சென்ட் எனப்படுவது. உருவத்தில் இருப்பது சுதந்திர தேவிதான், பழங்குடியினரின் இறகுக் கிரீடம் வைத்திருக்கிறார். ஜேம்ஸ் லாங்கேக்கர் வடித்தது. 1859 முதல் 1909 வரை ஐம்பது வருடம் ஓடியது. 1864-இன் நடுவில் உலோகம் மாறியது. அதற்கு முந்தியவை நிக்கல் கலந்து வெளிர் நிறத்தில், கனமாக, 4.67 கிராம் இருக்கும். பிந்தியவை வெண்கலம், 3.11 கிராம். 1889-இல் 4 கோடியே 80 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள், ஆகவே தேய்ந்தது ஒன்றிரண்டு டாலருக்கு மேல் போகாது. இந்த வரிசையில் டின்னைக் கிளறித் தேட வேண்டியவை 1877, எஸ் எழுத்துள்ள 1908, எஸ் எழுத்துள்ள 1909. அந்த எஸ் பின்பக்கம் இலை வளையத்துக்குக் கீழே, சிறியதாக இருக்கும். தேதிக்கு அருகில் தேடி ஏமாறாதீர்கள். 1877-இல் 8,52,500 தான் அடித்தார்கள். தேய்ந்ததே சில நூறு டாலர் போகும். தேய்மானத்தை அளக்க இந்த வரிசையில் ஓர் எளிய வழி உண்டு: தலைப்பட்டியில் லிபர்ட்டி என்ற ஏழு எழுத்து இருக்கிறதே, அது முழுக்க அழிந்திருந்தால் கீழ்த் தரம், மூன்று எழுத்தாவது தெரிந்தால் கொஞ்சம் மேல், ஏழும் படிக்க முடிந்தால் அதற்கும் மேல். ஒவ்வொரு படிக்கும் விலை கண்ணுக்குத் தெரியும்படி ஏறும்.

லிங்கன் சென்ட்டுக்கு வருவோம், உங்கள் டின்னில் முக்கால்வாசி அதுதான் இருக்கும். லிங்கன் பிறந்து நூறாண்டு ஆனதையொட்டி 1909 ஆகஸ்டில் வெளியானது. வடித்தவர் விக்டர் டேவிட் பிரென்னர்; அவர் பெயரின் முதலெழுத்துகள் பின்பக்கம் அடியில் வி.டி.பி. என்று கொஞ்சம் பெரிதாகவே இருந்தன. பத்திரிகைகளில் எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே எடுத்துவிட்டார்கள். அந்தச் சில நாளில் ஃபிலடெல்ஃபியாவில் 2 கோடியே 80 லட்சம் அளவுக்கும், சான் ஃபிரான்சிஸ்கோவில் 4,84,000 மட்டும் அடித்திருந்தார்கள். உங்களுடையதில் தேதிக்குக் கீழே எஸ் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பத்துப் பதினைந்து டாலர். எஸ் இருந்தால் தேய்ந்த நிலையிலும் 500 டாலருக்கு மேல். ஒரே ஓர் எழுத்துக்கு இவ்வளவு வித்தியாசம் என்பதால், சாதாரண 1909-இல் எஸ்ஸை ஒட்டிவைப்பது ஏறக்குறைய நூறு வருடமாக நடக்கும் மோசடி. லூப் எனப்படும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எழுத்தின் அடிவிளிம்பைப் பாருங்கள். அசலில் எழுத்து நாணயத்தின் தளத்திலிருந்தே எழும்பியிருக்கும், ஒட்டியதில் சுற்றிலும் மெல்லிய கோடு தெரியும்.

உங்கள் டின்னில் எனக்கு ஆர்வம் ஏற்படுத்தியது டி எழுத்துள்ள 1914. டென்வர் அந்த ஆண்டு 11,93,000 தான் அடித்தது. அசலாக இருந்தால் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் நூறு டாலரைத் தாண்டும், நல்ல நிலையில் பல நூறு. சந்தோஷப்படுமுன் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். 1944-இல் டென்வர் 43 கோடி சென்ட் அடித்தது. அதன் முதல் 4-ஐ ஓரம் சுரண்டி 1 ஆக்கினால் 1914 கிடைத்துவிடும். அப்படிச் செய்ததில் 9-க்கும் 1-க்கும் நடுவே இடைவெளி அசிங்கமாக அகன்று தெரியும், ஏனென்றால் 4 இருந்த அகலத்தில் இப்போது ஒல்லியான 1 நிற்கிறது. இரண்டாவது அடையாளம் இன்னும் உறுதியானது. பின்பக்கத்திலிருந்து எடுத்த வி.டி.பி.-யை 1918-இல் முன்பக்கம் லிங்கனின் தோள் வெட்டு முடியும் இடத்தில், மிகச் சிறியதாகத் திரும்பச் சேர்த்தார்கள். அசல் 1914-இல் அந்த எழுத்துகள் இருக்கவே முடியாது. தோளில் வி.டி.பி. தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது 1944. தெரியாவிட்டால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிறையத் தேய்ந்தால் அந்த எழுத்து அழிந்துவிடும், அப்புறம் சாதாரண 1914-இல் டி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

1943-க்கு இப்போதே ஃபிரிட்ஜிலிருந்து ஒரு காந்தத்தை எடுங்கள். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு மூன்று நாணயச்சாலைகளிலும் சேர்த்து 109 கோடி சென்ட்டை எஃகில் அடித்துத் துத்தநாகம் பூசினார்கள். முந்தின ஆண்டின் வெண்கலத் தகடுகள் சில எந்திரத்தில் தங்கி, 1943 அச்சில் மாட்டிக்கொண்டன. அப்படி அறியப்பட்டவை இரண்டு டசனை ஒட்டித்தான். 1947-இல் ஒரு பள்ளி மாணவருக்கு உணவுக்கூடச் சில்லறையில் கிடைத்த ஒன்று 2019-இல் 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. டென்வரில் அடித்த ஒரே ஒன்று 2010-இல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இந்தச் செய்திகளெல்லாம் உண்மைதான். ஆனால் எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி விளையாட்டுப் பொருளாக விற்றதும் அதே அளவு உண்மை. அது நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. காந்தத்தில் ஒட்டினால் முலாம் பூசிய எஃகு, மதிப்பு சில சென்ட். ஒட்டாவிட்டால் நகைத் தராசு மாதிரி நுட்பமான ஒன்றில் எடை போடுங்கள்: வெண்கலம் என்றால் 3.1 கிராம், எஃகு 2.7. எடையும் சரியாக இருந்தால் 3 என்ற எண்ணை ஒரு சாதாரண எஃகு 1943-ஓடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 1948-இன் 8-ஐச் சுரண்டி 3 ஆக்கியிருந்தால் அந்த வளைவு ஒத்துப்போகாது. இந்த மூன்றையும் தாண்டினால் எந்தக் கடையிலும் காட்டாமல் நேரே தரச் சான்று நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ செம்பு நிற 1943-ஐக் கையில் வாங்கியிருக்கிறேன், ஒன்றுகூடக் காந்தத்தைத் தாண்டியதில்லை. அதற்காகப் பார்க்காமலும் விடாதீர்கள், அரை நிமிட வேலை.

நீங்கள் பட்டியலில் எழுதாத மீதி நாணயங்களைப் பிரிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர் இருந்தால் 1958 வரையிலானது. அவற்றைத் தனியே வையுங்கள். பெரும்பாலானவற்றுக்குக் கடையில் ஒன்றுக்குச் சில சென்ட்தான் தருவார்கள், ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 145 என்று எடை போட்டே வாங்குபவர்களும் உண்டு. அவற்றில் எஸ் எழுத்துள்ள 1931 கிடைத்தால் விடாதீர்கள். 8,66,000 தான் அடித்தார்கள். கதிருக்குப் பதில் லிங்கன் நினைவு மண்டபம் இருந்தால் 1959-இலோ அதற்குப் பிறகோ வந்தது. 1982-இல் வெண்கலத்தை விட்டுத் துத்தநாகத்தின்மேல் செம்பு பூசும் முறைக்கு மாறினார்கள், எடை 3.11 கிராமிலிருந்து 2.5 ஆனது. மேசையில் போட்டுப் பார்த்தாலே தெரியும், வெண்கலம் கணீரென்று ஒலிக்கும், துத்தநாகம் தட்டென்று விழும். 1983 நாணயம் எதுவாவது 3.1 கிராம் காட்டினால் அதையும் எடுத்து வையுங்கள், பழைய தகட்டில் தவறி அடித்ததாக இருக்கலாம். வெண்கலத்தை உருக்கி விற்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சென்ட்டை உருக்குவதை 2006 கடைசியிலேயே தடை செய்துவிட்டார்கள்.

இரட்டையாகத் தெரியும் எழுத்தைப் பற்றியும் கேள்வி வரும் என்று தெரியும், ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஓர் அச்சைத் தயாரிக்க மூல முத்திரையை அதன்மேல் இரண்டு மூன்று தடவை அழுத்துவார்கள், நடுவில் உலையில் வைத்து இரும்பை இளக்குவார்கள். இரண்டாம் தடவை இம்மியளவு திரும்பி உட்கார்ந்துவிட்டால் அச்சிலேயே எழுத்து இரட்டையாகிவிடும், அந்த அச்சில் வரும் நாணயம் ஒவ்வொன்றும் இரட்டை. 1955 ஃபிலடெல்ஃபியா நாணயம்தான் இதில் பெயர் பெற்றது. லூப் தேவையில்லை, தேதியும் எழுத்தும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும், ஆயிரம் டாலரை ஒட்டி விலை. எஸ் எழுத்துள்ள 1969, எழுத்தில்லாத 1972 ஆகியவற்றிலும் உண்டு. ஆனால் அடிக்கும் நேரத்தில் அச்சு லேசாக அதிர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் தட்டையாக ஒரு படி விழும். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அசல் இரட்டையில் இரண்டாவது எழுத்து உருண்டு திரண்டு, மூலைகளில் பிளவோடு நிற்கும்; அதிர்வில் விழுந்ததோ எழுத்தின் அகலத்தையே அரித்ததுபோல இருக்கும். 1955-இல் கடைசி 5 மட்டும் நிழல்போல இரட்டித்திருப்பது தேய்ந்த அச்சின் விளைவு, ஒன்றிரண்டு டாலர்.

இப்போது நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: எதையும் தேய்த்துக் கழுவாதீர்கள். செம்பைப் பார்த்ததும் நம் கை புளியைத்தான் தேடும். குத்துவிளக்குக்கும் சொம்புக்கும் அது சரி, நாணயத்துக்கு அது கேடு. என் நண்பர் ஒருவர் வீட்டில் நல்ல நிலையில் ஒரு 1877 இருந்தது, ஏழு எழுத்தும் தெரியும். ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா, பிள்ளை ஆசையாக வைத்திருக்கும் காசு கறுத்துக் கிடக்கிறதே என்று புளியும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டார். அன்போடு செய்தது, யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாணயத்தின் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது, அதை மீட்க வழி கிடையாது. நூறு வருடம் காற்றுப் பட்டுப் படிந்த அந்தப் பழுப்புதான் நாணயத்தின் தோல். அமிலம் அதை உரித்துவிடும், கீழே இயல்புக்கு மாறான இளஞ்சிவப்பு வரும். சேகரிப்பவர் கண் முதலில் அதைத்தான் பார்க்கும். அடித்தபோது இருந்த சிவப்பு அப்படியே தங்கிய நாணயம், பாதி பழுப்பேறியது, முழுப் பழுப்பு என்று மூன்றாகப் பிரித்துத்தான் செம்புக் காசுக்கு விலை வைக்கிறார்கள், தேய்த்து வரவழைத்த சிவப்பு இதில் எதிலும் சேராது. பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் அந்த நாணயத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், சுரண்டாதீர்கள். விளிம்பைப் பிடித்துத்தான் எடுங்கள். விரல் ரேகை செம்பில் நிரந்தரமாகப் பதியும். மெத்தென்று வளையும் பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், வருடக்கணக்கில் இருந்தால் அதுவே பச்சைக் கசிவை உண்டாக்கும்.

தரம் என்று நாம் சொல்வது 1 முதல் 70 வரையிலான அளவுகோல். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் பழைய பெரிய சென்ட்டுகளுக்காகவே உருவாக்கியது. 70 தரமுள்ளது 1 தரமுள்ளதைப்போல எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப் போனது, எண்கள் மட்டும் எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் பரவி நிலைத்துவிட்டன. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து இந்த எண்ணோடு பெட்டியில் முத்திரையிட்டுத் தருகின்றன. தபால் செலவும் சேர்த்து ஒரு நாணயத்துக்குச் சில பத்து டாலர் ஆகும் என்பதால், என் கணக்கில் 150 டாலருக்கு மேல் போகக்கூடியதை மட்டும்தான் அனுப்ப வேண்டும். 1943 அந்த மூன்று சோதனையையும் தாண்டினால் ஒழிய, உங்கள் பட்டியலில் அந்தத் தகுதி 1914-க்கு மட்டுமே இருக்கக்கூடும்.

விலையைத் தேடும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவை என்று வடிகட்டிப் பார்க்க வழி இருக்கிறது. பெரிய ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. வீடியோவில் லட்சம் என்று காட்டுவது பெரும்பாலும் கேட்கப்பட்ட விலை, யாரும் கொடுத்த விலை அல்ல. கடைக்காரர் பட்டியல் விலையைவிடக் குறைத்துத்தான் கேட்பார், அவரும் லாபம் வைத்து விற்க வேண்டும். பாதிக்கும் கீழே கேட்டால் இன்னொரு கடைக்குப் போங்கள். 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் புழக்கத்துக்கான கடைசிச் சென்ட்டை அடித்தார்கள், ஒரு சென்ட் அடிக்க மூன்றரை சென்ட்டுக்கு மேல் செலவானதுதான் காரணம். அன்றிலிருந்து எல்லாச் சென்ட்டும் அரிதாகிவிடும் என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. புழக்கத்தில் சுமார் 30,000 கோடி சென்ட் மிஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சாதாரணமானவை நம் காலத்தில் விலை ஏறும் என்று நான் நம்பவில்லை, இது என் கருத்து மட்டுமே.

நீங்கள் போட்ட படங்கள் நேர் வெளிச்சத்தில் எடுத்தவை, அவற்றை வைத்து 1914-ஐ அசல் என்றோ போலி என்றோ சொல்ல முடியாது. கையில் பிடித்துப் பார்க்காமல் முழு உறுதி எப்படியும் வராது. ஆனாலும் ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, தேதியையும் தோள் முனையையும் நெருக்கமாகத் தனித்தனியே படம் எடுத்துப் போடுங்கள். 1944-ஐத் திருத்தியதா என்பதையாவது அதில் சொல்லிவிடலாம். எடையையும் எழுதுங்கள்.